மீசையில் விழுந்த கண் மருந்து

வெற்றிச்செல்வனுக்குத் தன் ஜீப்பைவிடத் தன் கண்மேல்தான் பெருமை அதிகம். ஜீப்புக்காவது ஓடத் தகுதி என்று எஃப்.சி. காட்ட வேண்டும். கண்ணுக்கு அதுவும் வேண்டாம் என்பான்.

புதூர்நாட்டிலிருந்து திருப்பத்தூருக்கு இறங்குகிற மலைப்பாதையில் பனி மூடினால் பஸ்காரரே வண்டியை ஓரங்கட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். வெற்றிச்செல்வன் நிறுத்தமாட்டான். "பனியா? எங்க இருக்குது பனி?" என்று கேட்டுக்கொண்டே வளைப்பான். எதிரே வருகிற லாரி டிரைவர் காலையில் ஷேவ் செய்தாரா இல்லையா என்று இரண்டு வளைவுக்கு முன்னாலேயே சொல்லிவிடுவேன் என்று பேசுவான். கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் சுற்றியிருக்கிற குக்கிராமங்களில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும் மணப்பெண் இறங்குவது அவனுடைய ஜீப்பில்தான். அது பொய்யில்லை.

அப்படிப்பட்ட கண் ஒரு நாள் காலையில் திறக்கவில்லை.

இடது கண் திறந்தது. வலது கண் மட்டும் பலாப்பிசின் பட்ட மாதிரி ஒட்டிக்கொண்டு கிடந்தது. பாயில் உட்கார்ந்தபடியே கத்தினான்.

"ஈஸ்வரி! யாரோ என் கண்ணைப் பூட்டி வச்சிட்டாங்க!"

அடுப்படியிலிருந்து ஈஸ்வரி வந்தாள். அதிகம் பேசாதவள். பேசினால் எதிராளிக்குப் பேச்சு மிச்சம் இருக்காது. அவன் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள்.

"செவசெவன்னு இருக்குதுங்க. மஞ்சளாச் சீழு வேற கட்டியிருக்கு. கிளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்துரலாம்."

"இன்னாத்துக்கு? அடுப்புப் புகை பட்டிருக்கும்."

"அடுப்புகிட்ட நிக்கிறவ நானு. புகை உங்க கண்ணைத் தேடிக்கினு வந்துச்சா?"

வெற்றிச்செல்வன் எழுந்து நின்றான். வேட்டியை இறுக்கிக் கட்டினான். ஒற்றைக் கண்ணால் வீட்டை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அறிவித்தான்.

"இதோ பாரு ஈஸ்வரி. இந்தக் கண்ணு மலையைப் பார்த்திருக்கு, பனியைப் பார்த்திருக்கு, கரடியைப் பார்த்திருக்கு. மருந்தைப் பார்த்ததில்ல. இனிமேலும் பார்க்காது."

தண்ணீரை அடித்து இமையைப் பிரித்தான். கொடியில் கிடந்த ஈஸ்வரியின் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தான். ஜீப்பை எடுத்தான். ஈஸ்வரி முன்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

"நீ எங்க?"

"டவுன்ல கொஞ்சம் வேலை இருக்குதுங்க."

முதல் நிறுத்தத்தில் செல்லி ஏற வந்தாள். புளி வியாபாரம் செய்கிறவள். மகள் அபிநயாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, மாப்பிள்ளை வீட்டுக்குப் பெண் இறங்க வெற்றிச்செல்வன் ஜீப்பைத்தான் சொல்லி வைத்திருந்தாள். "வா செல்லி" என்று அவன் திரும்பிச் சிரித்தான். சிரித்த நேரம் பார்த்து வலது கண் மறுபடியும் ஒட்டிக்கொண்டது.

செல்லி படியில் வைத்த காலை இறக்கினாள்.

"ஏம்பா வெற்றி! பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கிறேன். என்னைப் பார்த்தா கண்ணடிக்கிறே? அதுவும் பொண்டாட்டியைப் பக்கத்துல உட்கார வச்சிக்கினு!"

"ஐயோ, நான் அடிக்கலை. அதுவே அடிச்சிக்கிது!"

"அதுவே அடிச்சிக்கிதா? நல்லாயிருக்குதே கதை!"

ஈஸ்வரி சமாதானம் சொல்லி ஏற்றினாள். ஜீப் நிறைந்தது. இறக்கத்தில் நாலைந்து வளைவு நன்றாகவே போனது. பிறகு வெற்றிச்செல்வன் பிரேக்கை மிதித்து ஹாரன் அடித்தான். நிறுத்தி, மறுபடி அடித்தான். தலையை வெளியே நீட்டினான்.

"யோவ்! காது கேக்கலையா? ஓரமாப் போய்யா!"

ஜீப்புக்குள் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"திமிரைப் பார்த்தீங்களா? குட்டையா, கறுப்பா, ரோட்டு மேல நின்னுக்கினு நகர மாட்டேங்கிறான். குடிச்சிருப்பான் போல."

"அவன் நகரமாட்டானுங்க" என்றாள் ஈஸ்வரி. "ரோடு போடுறவங்க வச்சிட்டுப் போன தார் டிரம்மு அது."

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அடங்கிய பிறகு செல்லி சிரிக்காமல் ஒன்று சொன்னாள்.

"வெற்றி, கோவிச்சிக்காதே. இந்தக் கண்ணை நம்பி என் பொண்ணை நான் ஏத்தமாட்டேன். கல்யாணத்துக்குள்ள சரி பண்ணு. இல்லைன்னா வேற வண்டி பார்த்துக்கிறேன்."

வேற வண்டி! வெற்றிச்செல்வனுக்குக் கண்ணைவிட நெஞ்சு அதிகமாக எரிந்தது. மிச்ச வளைவுகளை மாட்டு வண்டி வேகத்தில் இறக்கினான்.

திருப்பத்தூரில் அவனுக்கு ஒரு சிநேகிதன் உண்டு. மெக்கானிக் டோமினிக். கண்ணைப் பார்த்ததும் பட்டறைக்குள் போய் அலமாரியைக் கிளறி ஒரு சின்ன பாட்டிலோடு வந்தான்.

"போன வருஷம் எங்கம்மாவுக்கு வாங்கினதுடா. பாதி அப்படியே கிடக்குது. ரெண்டு சொட்டு விட்டுக்கோ, போயிரும்."

வெற்றிச்செல்வன் முகம் மலர்ந்தது. காலையில் போட்ட சபதம் நினைவுக்கு வராமல் இல்லை. ஆனால் அதற்கும் வழி இருந்தது. டாக்டர் கொடுத்தால்தான் மருந்து. சிநேகிதன் கொடுத்தால் அது சிநேகிதம். மூடியைத் திருகப் போனான்.

"இருங்க" என்றாள் ஈஸ்வரி. பாட்டிலை வாங்கிப் பார்த்துவிட்டு அவன் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். "தேதி இன்னா போட்டிருக்குதுன்னு படிங்க. உங்களுக்குத்தான் நல்லாத் தெரியுமே."

"இதுகூடவா தெரியாது?" அவன் கழுத்தை முன்னால் நீட்டினான். பின்னால் இழுத்தான். "இதோ, அடுத்த வருஷம் வரைக்கும் நல்லா இருக்கும்னு போட்டிருக்கு."

"எழுத்து தெளிவாத் தெரியுதுங்களா?"

"எறும்பு மாதிரி எழுத்து. எனக்கு யானை மாதிரி தெரியுது."

"நான் தலைகீழாப் புடிச்சிருக்கிறேனுங்க."

டோமினிக் ஸ்பேனர்களை எண்ண ஆரம்பித்தான்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஈஸ்வரி அவன் பக்கம் திரும்பினாள். "தொறந்து வருஷம் ஆன பாட்டிலு. உள்ளயே கிருமி சேர்ந்திருக்கும். அம்மாவுக்கு இன்னா நோவுக்குக் குடுத்த மருந்தோ, இவருக்கு வந்திருக்கிறது இன்னா நோவோ. தெரியாம ஊத்திக் கண்ணு போச்சுன்னா நீங்க வேற தருவீங்களா?"

பாட்டில் குப்பைக்குப் போனது. வெற்றிச்செல்வன் ஆஸ்பத்திரிக்குப் போனான். போனான் என்பதைவிடப் போகவைக்கப்பட்டான்.

டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார். "பாக்டீரியா தொற்று. கிருமி உள்ளே போயிருக்கு."

"சாதாரணக் கண்ணுக்கெல்லாம் வராதுங்களா டாக்டரம்மா?" என்று அவன் கொஞ்சம் நிமிர்ந்து கேட்டான்.

"யாருக்கு வேணும்னாலும் வரும். அழுக்குக் கையால தேய்ச்சா வரும்."

அவன் பழையபடி குனிந்துகொண்டான். அதற்குப் பிறகு டாக்டரம்மா சொன்னதையெல்லாம் ஈஸ்வரிதான் கேட்டாள். அவன் இடது கண்ணால் சுவரில் தொங்கிய எழுத்து அட்டையைப் படித்து, தன் மானத்தில் பாதியையாவது காப்பாற்றிக்கொண்டிருந்தான். கை கழுவிவிட்டுத்தான் மருந்தைத் தொட வேண்டும். பாட்டில் மூக்கு இமையில்கூடப் படக்கூடாது. நாளைக்கே சிவப்பு போனாலும் நிறுத்தக்கூடாது, சொன்ன நாள் வரைக்கும் விட வேண்டும். துண்டு தனி, தலையணை தனி. ஒருத்தர் மருந்தை இன்னொருத்தர் தொடக்கூடாது. வலி அதிகமானாலோ பார்வை மங்கினாலோ உடனே வர வேண்டும். கடைசியாக ஒன்று சொன்னார். அது மட்டும் அவன் காதில் விழுந்தது.

"கண்ணு தெளியிற வரைக்கும் வண்டி ஓட்டக்கூடாது."

டோமினிக்தான் ஜீப்பை மலைக்கு ஓட்டி வந்து விட்டுப் போனான். தன் ஜீப்பில் தானே பின்சீட்டில் உட்கார்ந்து வருகிற அவமானத்தை மறைக்க வெற்றிச்செல்வன் வழியெல்லாம் தூங்குவதுபோல் நடித்தான். ஒரு கண்ணுக்கு நடிப்பே தேவைப்படவில்லை.

அன்று மத்தியானம் முதல் சொட்டு. விடுகிற முறையை டாக்டரம்மா சொன்னபடியே ஈஸ்வரி ஒருமுறை வரிசையாகச் சொன்னாள்.

கரடிக்கு எதிரே நின்றவனால் ஒரு சொட்டுத் தண்ணீருக்கு எதிரே நிற்க முடியவில்லை. பாட்டில் மேலே வந்ததும் இமை தானாக மூடிக்கொண்டது. கை திசை மாறியது. கழுத்து ஒரு பக்கம் ஓடியது. முதல் சொட்டு மூக்கில் விழுந்தது. அடுத்தது காதில். அதற்கடுத்தது மீசையில்.

"நான் விடட்டுங்களா?" என்றாள் ஈஸ்வரி.

"பொம்பளை கையால மருந்து வுட்டுக்கிற ஆளா நான்? தள்ளு!"

இன்னும் ஒரு சொட்டு மீசைக்கே போனது.

"நல்லதுங்க" என்றாள் அவள். "இனிமே மீசைக்குக் கிருமியே வராது."

அதற்குமேல் அவன் அவள் எதிரில் மருந்து விடவில்லை. பாட்டிலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போவான். பலாமரத்தடியில் மண்ணுக்கு இரண்டு சொட்டு விடுவான். முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாதித்துவிட்ட களையோடு உள்ளே வருவான். பாட்டிலில் மருந்து இறங்கிக்கொண்டே வந்தது. கண்ணில் சிவப்பு ஏறிக்கொண்டே வந்தது.

மறுநாள் ஈஸ்வரி சாதாரணமாகக் கேட்டாள். "மருந்து விட்டுக்கிட்டீங்களா?"

"ஓ. குறி தப்பாம விழுந்துச்சு."

"கண்ணுல விட்டது தொண்டை வரைக்கும் இறங்குமாம். லேசாத் தித்திக்கும்னு டாக்டரம்மா சொன்னாங்க. தித்திச்சுதுங்களா?"

"தித்திச்சுதாவா? நம்ம மலைத்தேன் தோத்துப் போச்சு!"

"கசக்கும்னுதாங்க சொன்னாங்க."

வெற்றிச்செல்வன் பலாமரத்தைப் பார்த்தான். பலாமரம் அவனைக் காட்டிக் கொடுக்கவில்லை. அதன் அடியில் இருந்த ஈரம் காட்டிக் கொடுத்தது.

டாக்டரம்மா கொடுத்த டோஸ் இவ்வளவு வேளை என்று கணக்கு உண்டு. அன்று ஈஸ்வரி கொடுத்த டோஸுக்குக் கணக்கு இல்லை. ஆனால் அவள் அதோடு விடுகிறவளும் இல்லை. கிளம்பி ஆஸ்பத்திரிக்குப் போய், நடந்ததைச் சொல்லி, புது பாட்டில் வாங்கி வந்தாள். வந்தவள் நடுவீட்டில் உட்கார்ந்து முந்தானையால் ஒரு கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

"இன்னா ஆச்சு?" என்றான் அவன்.

"ஒண்ணுமில்லீங்க. கண்ணு ஒரு மாதிரி உறுத்துது. அன்னிக்கி நீங்க என் துண்டுல துடைச்சீங்களே, அதுல ஒட்டிக்கிச்சோ இன்னாவோ."

வெற்றிச்செல்வன் அவள் அருகில் வந்து குனிந்தான். அவனுக்கு வந்தது அவனோடு போகட்டும். இவளுக்குமா? அதுவும் தன்னால்? மங்கலான கண்ணால் அவள் முகத்தைப் பார்த்தான். வலிக்கிற முகமாகத்தான் தெரிந்தது.

"மருந்து வாங்கினியா?"

"இதோ." அலமாரிமேல் ஒரு டப்பாவை வைத்தாள். "இது என்னோடது. தொடாதீங்க. ஒருத்தரது ஒருத்தர் தொடக்கூடாதுன்னிருக்காங்க. ஆனா பயமா இருக்குதுங்க. கண்ணுக்குள்ள சொட்டு விழுறதை நினைச்சாலே உடம்பு உதறுது. உங்களுக்கென்ன, அசையாத கை. பனியில ஸ்டீயரிங் புடிச்ச கை. எப்படி விடுறதுன்னு நீங்க ஒரு தரம் விட்டுக் காட்டுங்க. பார்த்துட்டு நானும் விட்டுக்கிறேன்."

அசையாத கை! அந்த ஒரு சொல் போதும். வெற்றிச்செல்வன் தோளைப் பின்னுக்குத் தள்ளினான்.

"பயப்படக்கூடாது ஈஸ்வரி. இதுல ஒண்ணுமே இல்ல. பாரு."

"கை கழுவணுங்களா?"

"பின்ன? அதுதானே முதல் பாடம்!" சோப்புப் போட்டுக் கழுவினான்.

"ஆறின வெந்நீர்ல பஞ்சை நனைச்சு வச்சிருக்கிறேன். இது இன்னாத்துக்குங்க?"

"சீழைத் துடைக்க. எல்லாத்தையும் நானே சொல்லணுமா?" துடைத்தான்.

"தலையை எப்படி வைக்கணும்?"

"இப்படி. மேல பாரு. கூரையில ஒரு பல்லி இருக்கிறதா நினைச்சிக்கோ. கீழ் இமையை விரலால இழு. சின்னப் பை மாதிரி ஆச்சா? அதுக்குள்ள விடணும். பாட்டிலு படக்கூடாது. கவனிக்கிறியா?"

"கவனிக்கிறேனுங்க."

மனைவிக்கு முன்னால் கண் சிமிட்டினால் மானம் போகும். பல்லைக் கடித்தான். கூரையை முறைத்தான். சொட்டு விழுந்தது. மீசையில் இல்லை. கண்ணில்.

வெற்றிச்செல்வன் உலகத்தை வென்றவன்போல் கண்ணை மூடிக்கொண்டு, மூக்கோரத்தை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு பேசினான். "இப்படிக் கொஞ்ச நேரம் அழுத்திப் புடிச்சிக்கணும். அவ்வளவுதான். உன் பாட்டிலை எடு."

"ஐயோ, ஆடு அவுத்துக்கிச்சு போலங்க!" என்று ஈஸ்வரி வெளியே ஓடினாள்.

அடுத்த வேளை வந்தது. "மறந்து போச்சுங்க. கை கழுவிட்டுப் பஞ்சா, பஞ்சு எடுத்துட்டுக் கை கழுவுறதா?" இன்னொரு தரம் காட்டினான். மருந்து கண்ணில் விழுந்தது. அவள் பாட்டிலை எடுக்கப் போகிற நேரத்துக்கு மழை தூறியது, காயப்போட்ட புளியை அள்ள ஓடினாள். அதற்கடுத்த வேளை மறுபடியும் ஆடு. அந்த ஆடு அந்த வாரம் கட்டுத்தறியில் நின்றதே இல்லை.

அவனுக்கு அலுக்கவில்லை. பெருமை ஏறிக்கொண்டே போனது. இவ்வளவு மந்தமான மாணவி யாருக்குக் கிடைப்பாள்? ஒவ்வொரு வேளையும் புதிதாகச் சொல்லிக் கொடுத்தான். தனித் துண்டு போட்டுக்கொண்டான். கண்ணைத் தேய்க்க வந்த தன் கையைத் தானே தட்டிவிட்டான்.

சிவப்பு போனது. சீழ் நின்றது. காலையில் இரண்டு கண்ணும் ஒன்றாகத் திறந்தன. பாட்டிலை எடுத்துக்கொண்டு குப்பைப் பக்கம் நடந்தான்.

"சரியாய்டுச்சே! இனிமே இன்னாத்துக்கு?"

ஈஸ்வரி பெருமூச்சு விட்டாள். "போடுங்க. உங்களுக்குச் சரியாய்டுச்சு. நான்தான் இன்னும் கத்துக்கலை. டாக்டரம்மா சொன்ன நாளு முடியுறவரைக்கும் நீங்க காட்டினீங்கன்னா, நானும் எப்படியாவது கத்துக்குவேன்."

மாணவியை நடுவில் விடுகிற வாத்தியாரா அவன்? சொன்ன நாள் முடிகிற வரைக்கும் காட்டினான். மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் பாட்டிலை எறிந்தான். டாக்டரம்மாவிடம் போய்க் கண்ணைக் காட்டி, வண்டி ஓட்டலாம் என்று அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வந்தான்.

அபிநயா கல்யாணத்தன்று ஜீப் வாழைக்கன்றும் பூமாலையுமாக நின்றது. செல்லி அவன் கண்ணை இப்படியும் அப்படியும் பார்த்தாள். தூரத்தில் ஒரு புளியமரத்தைக் காட்டி, "அது இன்னா?" என்றாள். "புளியமரம். மூணாவது கிளையில ஓணான்" என்றான். செல்லி பெண்ணை ஏற்றினாள்.

ஜீப் இறங்கியது. தார் டிரம் இருந்த இடத்தைக் கடந்ததும் வெற்றிச்செல்வனுக்குப் பேச்சு வந்தது.

"கண்ணு மருந்து வுடுறது எல்லாருக்கும் வராது செல்லி. கை சுத்தம் வேணும். மனசுல தைரியம் வேணும். இதோ, ஈஸ்வரி இருக்கிறாளே, எவ்ளோ பயந்தா தெரியுமா? நான் வேளா வேளைக்கி வுட்டுக் காட்டித்தான் அவ கண்ணைக் காப்பாத்தினேன்."

செல்லி முன்னால் குனிந்தாள். "அப்படியா ஈஸ்வரி? உனக்கும் கண்ணு நோவா? இப்ப சரியாய்டுச்சா?"

"எனக்கு இன்னா நோவு?" என்றாள் ஈஸ்வரி. "உறுத்துச்சு. முந்தானையால துடைச்சேன், போய்டுச்சு."

ஜீப் ஒரு நொடி தயங்கியது.

"அப்போ அலமாரி மேல இருந்த உன் மருந்து?"

"வெறும் டப்பாங்க. உங்க பழைய பாட்டிலோடது. தொடாதீங்கன்னா தொடமாட்டீங்கன்னு தெரியும்."

"ஆடு அவுத்துக்கிச்சு, ஆடு அவுத்துக்கிச்சுன்னு ஓடுனியே?"

"ஆட்டைப் பொங்கலுக்கே வித்துட்டோமேங்க. நீங்கதானே இதே ஜீப்புல ஏத்திக்கினு போனீங்க."

மணப்பெண் என்பதையும் மறந்து அபிநயா சத்தமாகச் சிரித்தாள். ஜீப்பே சிரித்துக் குலுங்கியது. வெற்றிச்செல்வனுக்குக் காது மடல் சூடானது. ஒரு வளைவைக் கியர் மாற்றிக் கடந்தான். அடுத்த வளைவில் ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தான். தெளிவாகத் தெரிந்தாள். வெயிலில் மூக்குத்தி மின்னியது. இவ்வளவு செய்துவிட்டு எதுவும் செய்யாதவள்போல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவனுக்குக் கோபம் வரவில்லை. நெஞ்சு நிறைந்து மேலே மேலே ஏறியது. இந்த மலையில் எவனுக்கு இப்படி ஒரு பொண்டாட்டி வாய்த்திருக்கிறாள்?

ஹாரனை ஒருமுறை அழுத்திவிட்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"சிரிங்க, நல்லாச் சிரிங்க. ஆனா இவ்ளோ புத்திசாலியைப் பொண்ணு பார்க்கப் போன அன்னிக்கே ஒரே பார்வையில கண்டுபுடிச்சவன் யாரு? நானு! கண்ணுன்னா அதுதான் கண்ணு!"

ஈஸ்வரி மடியில் சரிந்த பூச்சரத்தை எடுத்துத் தலையில் செருகிக்கொண்டாள்.

"நீங்க எங்கங்க பார்த்தீங்க? அன்னிக்கி வெக்கப்பட்டுக் குனிஞ்ச தலையைக் கடைசிவரைக்கும் நீங்க தூக்கவே இல்ல. பார்த்துட்டு சரின்னு சொன்னவ நானு."